பன்னெண்டு சன்னல் வீட்டு வாசலில்

தீப்பெட்டியா? எங்கிட்டயா கேக்கீக? நல்லாக் கேட்டீக போங்க! அண்ணாச்சி, நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? சிவகாசிக்குப் பக்கத்துல விஸ்வநத்தம். அங்கன பட்டாசுக் கம்பெனியில கேட்டு வாச்சர். பேரு பெத்தணன். எம்மடியில பாம்பு இருந்தாலும் இருக்கும், தீப்பெட்டி இருக்காது. இந்தா, வேட்டிய ஒதறியே காட்டுதேன், பாத்துக்கோங்க. வெத்தல, பாக்கு, ஒரு துண்டு பொயல... அம்புட்டுத்தான். உள்ள போற ஆளுக மடியத் தடவிப் பாக்கதுதான அண்ணாச்சி என் சோலியே! எவனாச்சும் ஒருத்தன் பீடி, தீப்பெட்டியோட உள்ள நொளஞ்சான்னு வைங்க, கம்பெனி பூராவும் ஆகாசத்துலதான் நிக்கும். அப்பேர்க்கொத்த ஆளுகிட்ட வந்து, பத்தவைக்கத் தீப்பெட்டி இருக்கான்னு...

உக்காருங்க. அட, உக்காருங்கங்கேன்! இந்தப் படி சுத்தமாத்தான் இருக்கு, நாந்தான் கூட்டிவிட்டேன். நீங்க செசீலியம்மாவுக்கு என்ன வேணும்? ...ஓ, தங்கச்சி மகனா! அதான் மூக்கு ஒரே மாதிரி இருக்கு. அவசரமா? என்ன அவசரம்? மாடி வெளக்கு ஏத்தணும், அதான? தெரியும் எனக்கு. உள்ள போடுற கூப்பாடு இங்கன வரைக்கும் கேக்கத்தான செய்யிது. மாடத்துல வச்ச பெட்டியக் காணோம், பெட்டியக் காணோம்னு... சாமானப் போட்டது போட்டபடி போட்டுட்டுப் போனா காணாமத்தான் போகும்! வீடா இது? எந்த ரூமுக்கு எந்த ரூமுல வளின்னே தெரியல. காலையில நான் மொகம் களுவப் போனவன், சுத்திச் சுத்தி வந்து அரிசி மூட்டைகளுக்கு நடுவுல நிக்கேன்.

சும்மா சொல்லக்கூடாது, உங்க சிப்பித்துறை நல்ல ஊருதான். காத்து நல்ல காத்து. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. பளைய வீட்டப் பாக்கதுக்குன்னு ஒரு ஊருக்கு ஆளுக வருவாகளா? எங்க வீடும்தான் பளசு. எங்க அய்யா கட்டுனது. மளை பேஞ்சா ஒளுகும், வெயிலடிச்சா வேகும். எவன் காசு குடுத்துப் பாக்க வந்தான்? ஒருத்தன் வரல!

எல்லாம் எங்க கணக்கப்பிள்ளை சீனிச்சாமி பண்ணுன வேல. தீவாளி சீசன் முடிஞ்சு லோடு பூராம் போயிருச்சு. அடுத்த ஆர்டர் வர வரைக்கும் கம்பெனியில ஈ ஓட்டணும். மொதலாளி நல்ல மனுசன். கிறிஸ்மஸ் லீவு சமயத்துல தொளிலாளிகள ஒருநா எங்கனயாச்சும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்கன்னு லாரியக் குடுத்தாரு. நான் சொன்னேன், திருச்செந்தூருக்குப் போவோம், கடல்ல முங்குவோம், சாமி கும்புடுவோம், கருப்பட்டி வாங்கிட்டு வருவோம்னு. எல்லாரும் சரின்னுட்டாக. இந்த சீனிச்சாமி பேப்பர் படிக்க மனுசன் பாருங்க, அதுல என்னமோ போட்டிருந்துச்சாம். சிப்பித்துறையில சங்கு வியாபாரிக கட்டுன பளைய பங்களாவெல்லாம் இந்த வாரம் மட்டும் தொறந்து விடுதாக, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்த டிக்கெட்டுப் போட்டிருக்காகன்னு. ‘அறிவு வளரும்வே பெத்தணன்’ங்காரு. இந்த வயசுல எனக்கு அறிவு வளந்து நான் என்ன செய்ய?

காலையிலருந்து ஏறி எறங்கி, ஏறி எறங்கி, முட்டி விட்டுப்போச்சு. மொத வீட்டுல ஒரு கட்டிலு. இதுல ஒரு வெள்ளக்காரத் தொரை படுத்திருந்தாருன்னு சொன்னாக. சரி, படுத்திருப்பாரு. படுத்தவரு வாடகை குடுத்தாரோ இல்லையோ, அதப் பாத்ததுக்கு நாங்க குடுத்திருக்கோம். ரெண்டாவது வீட்டுல ஒரு நாற்காலி. உக்காரப்படாதுன்னு கயிறு கட்டி வச்சிருக்காக. உக்காரக்கூடாத நாற்காலிய எதுக்கு அண்ணாச்சி வச்சிருக்கணும்? எங்ககூட வேல பாக்க மாடத்திக்குக் காலு வலி தாங்கல. அந்தக் கயித்து மேலயே உக்காந்துட்டா. கயிறு அந்து போச்சு. அதுக்கு ஒரு பஞ்சாயத்து!

அடுத்தாப்லதான் இந்த வீடு. பன்னெண்டு சன்னல் வீடு. இதப் பத்தி நான் கொற சொல்ல மாட்டேன். நல்ல வீடு. ஏன்னா வாசல் ரெண்டு பக்கமும் இருக்கு. எங்க ஆளுக எந்த வீட்டுக்குள்ள நொளஞ்சாலும் மொதல்ல பாக்கது சாமி படத்த இல்ல அண்ணாச்சி, வெளிய போற வாசலத்தான். வெடிமருந்து அறையில வேல பாக்கவுகளுக்கு அது ரத்தத்துல ஊறிப்போச்சு. உங்க பெரியம்மா பாவம், ‘உள்ள வாங்க, நடுக்கூடத்துல உக்காருங்க’ன்னு கூப்புடுதாக. ஒருத்தியும் போவல. பூராப் பேரும் நெலைப்படியவே ஒட்டிக்கிட்டு நிக்காளுக. செருப்பும் போடல ஒருத்தியும். கருங்கல் தரையில இரும்பு ஆணிச் செருப்பு ஒரசுனா பொறி பறக்குமே, அதான். உங்க பெரியம்மா என்னடான்னா, ஆகா என்ன மரியாத தெரிஞ்ச ஜனங்கன்னு கண்ணு கலங்குதாக.

அந்த மரியாத எம்புட்டு நேரம் நின்னுச்சுங்கீக? அந்தா உள்ள நிக்கே ஒரு கடியாரம், ஆள் ஒசரத்துக்கு... அத உங்க பெரியம்மா எங்களுக்குக் காட்டணும்னு ஆசையா சாவி குடுத்தாக. தாத்தா காலத்துக் கடியாரம், கப்பல்ல வந்துச்சு, அப்படி இப்படின்னு சொல்லிக்கிட்டே இருக்காக. அது சும்மா நின்னுச்சு. பெறகு உள்ளுக்குள்ள கர்ர்ருன்னுச்சு. பெறகு அடிச்சது பாருங்க... டமார்னு!

அம்புட்டுத்தான். எவளோ ‘ஓடு!’ன்னா. எங்க ஊருல ‘ஓடு’ன்னு ஒரு சத்தம் கேட்டா ஏன், எதுக்குன்னு கேக்கப்படாது. கேட்டவுக யாரும் உசுரோட இல்ல. அடுத்த அடி கடியாரம் அடிக்கதுக்குள்ள எங்க ஆளுக பூராம் கடல்ல முட்டளவு தண்ணியில நிக்காக. சீனிச்சாமிக்குக் கண்ணாடியக் காணோம். மாடத்தி கையில உங்க வீட்டுப் பலகாரத் தட்டு. எப்படி எடுத்தா, எப்ப எடுத்தான்னு அவளுக்கே தெரியல. ஒரு முறுக்கு கீள விளல!

என்ன சிரிக்கீக? நானா? நானும்தான் ஓடுனேன். மொத ஆளா ஓடுனதே நாந்தான். சிரிக்காதீக! கேட்டு வாச்சர் மொதல்ல ஓடணும். அதான் ரூல்ஸ். கேட்டத் தொறந்துவிட ஆள் வேணுமில்ல? ...இந்த வீட்டுக்கு கேட்டு இல்லதான். இருந்திருந்தா தொறந்திருப்பேன்.

ஓடாத ஆளு ஒரே ஒருத்திதான். என் பொஞ்சாதி. ராக்காயி.

எல்லாரும் தண்ணியில நின்னு தலைய எண்ணிப் பாக்கோம், இவளக் காணோம். திரும்பி ஓடியாறேன்... இந்தப் படியில, நீங்க உக்காந்திருக்கீக பாருங்க, இதே எடத்துல, உங்க பெரியம்மாவக் கக்கத்துல தூக்கி இடுக்கிக்கிட்டு நிக்கா. அவுக ‘விடும்மா, அது கடியாரம்மா, கடியாரம்மா’ன்னு கத்துதாக. இவ காதுல எங்க விளுகு? ‘பேசாம வாங்கம்மா, பெறகு பேசிக்கிடலாம்’னு இளுத்துக்கிட்டு வாரா. வயசான மனுசிய விட்டுட்டு எப்படி ஓடன்னு எங்கிட்டக் கேட்டா. நாந்தான் ஓடிட்டேனே.

அதுலதான் உங்க பெரியம்மாவுக்கு இவ மேல ஒரு இதுவாப் போச்சு. இன்னைக்கி மாடி வெளக்க வெளியூருலருந்து வந்த பொம்பளை கையாலதான் ஏத்தணுமாமே? உங்களுக்குத் தெரியாததா... அந்தக் காலத்துல இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த வெளியூர்ப் பொண்ணு, சங்கு குளிக்கப் போன புருசன் திரும்பலைன்னு மாடிச் சன்னல்ல வெளக்கு வச்சு ஒக்காந்திருந்துச்சாம். அதப் பாத்துத்தான் அந்தத் தோணி கரை சேந்துச்சாம். அதுலருந்து வருசா வருசம் இன்னைக்கிப் பொளுது அடஞ்சா அந்த வெளக்குத்தான் ஊருக்கு மொத நெருப்பு. அதுக்கு முந்தி ஒரு வீட்டுல அடுப்பு எரியாது, ஒருத்தரும் தீக்குச்சியத் தொடப்படாது. அங்கருந்து நெருப்பு எடுத்துட்டுப் போயித்தான் அவுகவுக வீட்டுல சோறு பொங்கணும். எல்லாம் உங்க பெரியம்மா சொன்னாக. சொல்லிட்டு, ‘ராக்காயி, இந்த வருசம் நீதான் ஏத்தணும்’னுட்டாக.

அவ மூஞ்சியப் பாக்கணுமே நீங்க! கலியாணத்தன்னைக்கிக் கூட அப்படி சிரிச்சதில்ல. அன்னைக்கி அளுதா, அது வேற கத.

ஆமா, இருட்டிக்கிட்டுதான் வருது. கடல் பக்கம் கருத்துப் போச்சு. தெருவுல இம்புட்டுச் சனம் ஏத்தாத வெளக்கும் கையுமா நிக்கி, எனக்குத் தெரியாமலா இருக்கு? இருங்க, வாரேன். விசயத்துக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். உங்க ஊருக்காரவுகளுக்குப் பொறுமையே இல்ல.

இந்த வீட்டு வாசல்ல தனுஷ்கோடின்னு ஒருத்தர் நிக்காருல்ல? காவலுக்காம் காவலு! முக்காலியில உக்காந்துக்கிட்டு வாரவுகளப் பூராம் ‘வாங்க, வாங்க’ங்காரு. இதுவா காவலு? மத்தியானம் எங்கிட்ட வந்து, ‘நீங்கதான் கேட்டு வாச்சராமே, செத்த நேரம் பாத்துக்கோங்க, ஒரு வாய் சாப்பிட்டு வந்திருதேன்’னாரு. எனக்கும் அந்தக் கடியாரம் இருக்க கூடத்துல உக்கார மனசில்ல. சரின்னு முக்காலிய வாங்கிப் போட்டு உக்காந்தேன்.

உக்காந்தா, வாரவன் போறவன் சட்டப் பையிலயெல்லாம் கடகடன்னு சத்தம். தீப்பெட்டி! அண்ணாச்சி, கண்ணக் கட்டிவிட்டாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இந்த வீடு பூராவும் தேக்கு மரம், மேல மரக் கூரை, சன்னலுக்குச் சன்னல் துணி. உள்ள எங்க ஆளுக அம்புட்டுப் பேரு. அதுல எம்பொஞ்சாதி வேற. நான் சும்மா உக்காந்திருப்பனா? எந்திரிச்சேன். ‘நில்லுங்க, கையத் தூக்குங்க’ன்னேன்.

நீங்க நம்ப மாட்டீக, ஒருத்தரும் மறுக்கல! ஏதோ இதுவும் டிக்கெட்டுல சேத்திதான்னு நெனச்சுக்கிட்டாக போல. வரிசையா வந்து கையத் தூக்கிக்கிட்டு நின்னாக. மூக்குக் கண்ணாடி போட்ட வாத்தியார் ஒருத்தர், ரொம்ப நல்ல ஏற்பாடுன்னு எங்கையப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போறாரு. பெறகு தனுஷ்கோடி சாப்புட்டுட்டு வந்தாரு. அவரையும் தடவுனேன். ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான? ‘என் வாசல்ல என்னையவேவா’ன்னு மனுசன் மொறைக்காரு. இடுப்புல ஒரு தீப்பெட்டி. காவக்காரன் இடுப்புல! இப்ப உள்ள எங்கனயோ கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

இந்தா பாருங்க. இந்த டின்னு. உங்க வீட்டு பிஸ்கோத்து டின்னுதான், பலகாரத் தட்டோட மாடத்தி கொண்டாந்தது. பூராம் இதுக்குள்ளதான் பத்திரமா வச்சிருக்கேன்.

ஏன் எந்திரிக்கீக? உக்காருங்க! நான் இருக்குன்னு சொன்னேனா, தாரேன்னு சொன்னேனா? என் மடியில இல்லன்னுதான சொன்னேன்? அதுல பொய்யி இருக்கா? இது என் சாமான் இல்ல அண்ணாச்சி, வாங்கி வச்ச சாமான். எங்க கேட்டுல ரூல்ஸ் என்னன்னா, உள்ள போறப்ப வாங்குனத வெளிய வாறப்பதான் குடுக்கணும். யாருகிட்ட வாங்குனமோ அவுக கையிலதான் குடுக்கணும். நடுவுல தெய்வமே எறங்கி வந்து கேட்டாலும் குடுக்கப்படாது. இப்ப உள்ள போனவுக பூராப் பேரும் வெளக்கு ஏத்துறதப் பாக்கணும்னு மாடியில நிக்காக. அவுக வெளிய வந்தா நான் குடுத்திருவேன். வெளக்கு எரிஞ்சாத்தான் வெளிய வருவோம்ங்காக. நான் என்ன செய்ய, சொல்லுங்க?

சீனிச்சாமி வந்து சத்தம் போட்டாரு. ‘ஏவே, இது நம்ம கம்பெனி இல்லவே, குடும்’னாரு. ‘ரூல்ஸ் போட்டது யாரு? நீங்கதான’ன்னேன். ‘நாளைக்கி நீரு கேட்டுப் பக்கம் வரவேண்டாம்’னுட்டுப் போறாரு. பாத்துக்கோங்க! கேட்ட ஒளுங்காப் பாத்ததுக்குக் கேட்டுப் பக்கம் வரவேண்டாமாம்!

சரி, இவ்வளவு கேட்டுட்டீக, பாத்துட்டுத்தான் போங்களேன். இந்தா மூடியத் தொறக்கேன். பாத்தீகளா, எம்புட்டுப் பெட்டி! இந்தக் கிளி படம் நாரணாபுரத்துல செஞ்சது. படம் அச்சடிச்சது சிவகாசியில, கிளி மூக்குல செகப்பு கொஞ்சம் வளிஞ்சிருக்கு பாருங்க, மிசின்ல மை சரியில்ல அந்த மாசம். இந்த ரெட்டை மீன் எங்க ஊரு. ஊரு ஊருக்கு எங்க பெட்டிதான்! இந்தா, இது... இந்த மான் படம். இதான் உங்க மாடத்துப் பெட்டி.

ஆமா, நாந்தான் எடுத்தேன். திருடுனாப்ல பாக்காதீக! சாயங்காலம் மாடிய ஒரு சுத்து பாத்துட்டு வருவோம்னு போனேன். சன்னலோரம் மாடத்துல பித்தள வெளக்கு. அதுல எண்ணெய், திரி. அதுக்குப் பக்கத்துலயே, ஒரு விரக்கடை கூட இல்லாம தீப்பெட்டி! எண்ணெயும் திரியும் தீப்பெட்டியும் ஒரே எடத்துல வைக்கது எந்த ஊரு நாயம்? எங்க கம்பெனியில மருந்துக்கு ஒரு கொட்டகை, திரிக்கு ஒரு கொட்டகை. நடுவுல தென்னை மரம் வச்சு மண்ணு மேடு போட்டு வச்சிருப்போம். எடுத்து டின்னுல போட்டேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா குடுன்னு கேப்பாக.

இதுக்குள்ள அம்புட்டுப் பெட்டி இருந்தும் உங்க பெரியம்மாவுக்கு அந்த மான் பெட்டிதான் வேணுமாம். பாதிரியார் மந்திரிச்சுக் குடுத்ததாம்ல? மத்தது எதுவும் செல்லாதாம். என்னமோ போங்க.

அந்தா... மேல பாருங்க. நடுச் சன்னலு. ஊதாச் சேல. அவதான் ராக்காயி. கையில திரியத் திருகிக்கிட்டே நிக்கா பாருங்க. சும்மா இருக்காது அந்தக் கை. அவளுக்குத் திரிக் கொட்டகையில வேல அண்ணாச்சி. நாள் பூராவும் திரி சுத்துதா. லச்சக்கணக்குல சுத்தியிருப்பா. ஒரு திரியும் அவ பத்தவச்சதில்ல. எங்க வீட்டுல வெளக்கே கெடையாது.

ஆமா. சத்தியமா. பொளுது சாயமுந்தி சோறாக்கி, சாப்புட்டு, படுத்துக்கிடுவோம். அடுப்புக்கு நெருப்பு, எதுத்த வீட்டு வள்ளித்தாய்கிட்ட கொட்டாங்கச்சியில கங்கு வாங்கிட்டு வருவா. அதையும் நான் தண்ணி வாளியோட பின்னாலயே நடப்பேன். ராக்காயி தம்பி சங்கிலிமுத்து, எங்க கம்பெனிதான், மருந்து அறையில இருந்தான். ஒருநா காலையில எங்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு உள்ள போனான். அவன் மடியில ஒண்ணும் இல்ல, நாந்தான் தடவுனேன், ஒண்ணுமே இல்ல. ஏதோ ஒரசல். வெயிலு வேற. அவன எடுத்தாறப்ப நான் ராக்காயியப் பாக்கவிடல. அவ இன்னைக்கி வரைக்கும் எங்கிட்டக் கேட்டதில்ல, எப்படி இருந்தான்னு. நானும் சொன்னதில்ல. அதுலருந்து எங்க வீட்டுல ஒரு தீக்குச்சி ஒரசுனதில்ல.

கார்த்திகையன்னைக்கித் தெரு பூராம் வெளக்கு வச்சிருப்பாக. எங்க வாசல் மட்டும் இருட்டாக் கெடக்கும். இவ வள்ளித்தாய் வீட்டு வாசல்ல போயி நின்னு பாத்துட்டு வருவா. ஒரு வருசம், ஒண்ணே ஒண்ணு வச்சுக்கிடுதேன், சின்னதான்னு கெஞ்சுனா. வச்சா. நான் வெளிய வந்து பாத்தேன்... ஊதிட்டேன். அவ சண்ட போட்டிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும். அந்த அகல் வெளக்கக் களுவிக் கவுத்தி வச்சா. பெறகு கேக்கவே இல்ல. இன்னைக்கித்தான் அண்ணாச்சி அவ மூஞ்சியில அந்தச் சிரிப்பு... ‘நானா ஏத்த? நானா?’ன்னு உங்க பெரியம்மாகிட்டத் திரும்பத் திரும்பக் கேக்கா.

கேக்கா. ஆனா அந்தச் சேல முந்தானையப் பாருங்க! காத்துல எப்படிப் பறக்கு! வெளக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு முந்தானைய இடுப்புல சொருகணும்னு தோணுதா அவளுக்கு? தலையில வேற எண்ணெய வளிய வளியத் தேச்சிருக்கா, ஊருக்குப் போறோம்னு. இம்புட்டு ரூல்ஸ் பேசுதேனே, உங்க தேக்கு மரத்துக்காகவா பேசுதேன்? தேக்கு எரிஞ்சா வேற தேக்கு வாங்கலாம். எனக்கு அவ ஒருத்திதான் இருக்கா. புள்ளையா குட்டியா? கங்கு வாங்க எதுத்த வீட்டுக்குப் போனாலே வாளியத் தூக்கிக்கிட்டுப் பின்னால நடக்க ஆளு நான். மாடியில, தனியா, கையில தீக்குச்சியோட... நான் எப்படி அண்ணாச்சி அந்தப் பெட்டிய எடுத்துக் குடுக்க? நீங்களே சொல்லுங்க. உங்களுக்குக் கலியாணம் ஆயிருச்சா? ஆயிருந்தா தெரியும். என்ன, ஆயிருச்சா?

அண்ணாச்சி?

...அண்ணாச்சியோவ்!

எங்கன போனாரு மனுசன்? இப்பத்தான இங்கன உக்காந்திருந்தாரு. பேசிக்கிட்டிருக்கப்பவே எந்திரிச்சுப் போறது என்ன பளக்கம்? உங்க ஊருல யாருக்குமே... இருங்க. இருங்க, இருங்க. டின்னு ஏன் தொறந்து கெடக்கு? நாந்தான் தொறந்தேன். சரி. கிளி இருக்கு. ரெட்டை மீன் இருக்கு. தனுஷ்கோடி பெட்டி இருக்கு. மானு... மான் எங்க? மானக் காணோமே! ஏ தனுஷ்கோடி! வாரும்வே வெளிய! ஒருத்தர் தீப்பெட்டியோட உள்ள போயிட்டாரு! நான் தடவாம விட்டுட்டேன்! இத்தன வருசத்துல ஒருத்தன விட்டதில்லையே, பேச்சுக் குடுத்துக்கிட்டே உக்காந்திருந்து ஏமாத்திட்டாரே! ஏ ராக்காயி! ராக்காயி! முந்தானையச் சொருகு! இடுப்புல சொருகுத்தா! காது கேக்குதா? சொருகு...

யாத்தே.

எரிஞ்சிருச்சு.

...

கால் ஓடு ஓடுங்கு. நான் நிக்கேன். பாருங்க, நிக்கேன். ஒண்ணும் வெடிக்கல. முந்தானையச் சொருகிட்டா. நல்லா இறுக்கித்தான் சொருகியிருக்கா. நான் சொன்னது கேட்டிருக்கும் போல, இல்ல அவளாவே... அவ மூஞ்சி முளுசும் வெளிச்சம். ஏ அப்பா! எம்புட்டுத் தூரத்துலருந்து தெரியுதா. இந்த மூஞ்சியவா நான் இருட்டுல வச்சிருந்தேன்? கீள பாக்கா. என்னையத்தான் பாக்கா. ஆமாத்தா, பாத்துட்டேன், பாத்துட்டேன். நல்லாருக்கு. கையெடு, கையெடு, வெளக்குக்கு மேல கைய ஆட்டாத!

யாரது? ...இந்தப் பக்கமா வாங்க தாயி, ஒவ்வொருத்தரா வாங்க, முண்டாதீக. நெருப்பு எடுத்துட்டுப் போறீகளா? கொண்டு போங்க. உள்ள கொண்டு போறதுக்குத்தான் ரூல்ஸ். வெளிய கொண்டு போறதுக்கு எங்க கேட்டுல ரூல்ஸே இல்ல. வாத்தியாரய்யா, இந்தாங்க உங்க பெட்டி, கிளி. உங்களது இது, ரெட்டை மீன். எல்லாருக்கும் மூஞ்சி பாத்தே குடுத்திருவேன், கவலப்படாதீக.

தாயி, இங்கன வாங்க, ஒண்ணு கேக்கேன். உங்க கையில இருக்க மாதிரி கண்ணாடி வச்ச வெளக்கு, காத்துக்கு அணையாதது, இந்த ஊருல எங்கன கெடைக்கும்? லாரியில விஸ்வநத்தம் வரைக்கும் போகணும், வளியில அணையப்படாது... லாரியில பட்டாசு ஒண்ணும் இல்ல தாயி, காலி லாரிதான், ரெண்டு தடவ நானே தடவிப் பாத்துட்டேன்... எனக்கா? எனக்கு எதுக்கு வெளக்கு? அந்தா மாடியில நிக்கா பாருங்க, அவளுக்கு. எங்க வீட்டு வாசல்ல வச்சுக்கிடட்டும். ஒண்ணே ஒண்ணுதான்.

பக்கத்துல ஒரு வாளித் தண்ணியோட நான் உக்காந்திருப்பேன், சொல்லிப்புட்டேன்!